மூன்றடி தள்ளி ஒரு போலீஸ்காரர்

செருப்பு வழக்கில் தீர்ப்பு வந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு போலீஸ்காரர் வந்து அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் நின்றார். அடுத்த இருபத்து மூன்று வருஷம் அவர் அவளை விட்டு மூன்றடிக்கு மேல் விலகவில்லை. பால் பாக்கெட் எடுக்க வந்த அம்மாதான் முதலில் பார்த்தது. எல்லாம்தான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்டாள். அவர் சுவரில் மாட்டியிருந்த மின்சார மீட்டரைப் பார்த்தபடி நின்றார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். அங்கிருந்த எழுத்தர் வருகைப் பதிவேட்டைப் புரட்டி, விரல் வைத்து எண்ணி, எங்கள் ஆட்கள் பதினாறு பேர், பதினாறு பேரும் வந்து கையெழுத்துப் போட்டாயிற்று, உங்கள் வாசலில் நிற்கிறவர் எங்களுக்குச் சம்பந்தமில்லாதவர் என்றார். அவர் சம்பளம் கேட்காத வரை தங்களுக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை என்றும் சொல்லி அனுப்பினார்.

வழக்கு பொய் வழக்கு இல்லை. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது, செருப்புக் கிடங்கில் பெட்டியில் அடைக்கிற வேலை. ஒருநாள் மதியம் கருஞ்சிவப்புத் தோலில், கணுக்காலைச் சுற்றி ஒரு வாரும் சின்னக் குதிகாலுமாக ஒரு ஜோடி வந்தது. சும்மா காலில் போட்டுப் பார்த்தாள். கழற்ற மனசு வரவில்லை. தன் பழைய செருப்பைத் துடைத்து, காகிதம் சுற்றி, அதே பெட்டியில் ஒழுங்காக வைத்து மூடிவிட்டு, சாயங்காலம் எல்லோரும் போகிற வாசல் வழியாகவே நடந்து போனாள். பெட்டி கடைக்குப் போய், கடையிலிருந்து ஒரு டாக்டரின் மனைவியிடம் போய்ச் சேர்ந்தது. அந்தம்மா ஆசையாகத் திறந்தால் உள்ளே பச்சை நூலால் இரண்டு இடத்தில் தைத்த பழைய செருப்பு. பச்சை நூலில் தைப்பவர் ஊரில் ஒரே ஒருவர்தான். அவரும் கேட்டவுடனே, இது என் கைவேலை, இன்னார் வீட்டுப் பெண்ணுடையது என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். கோர்ட்டில் எடுத்தாயா என்று கேட்டார்கள், எடுத்தேன் என்றாள். ஏன் எடுத்தாய் என்றார்கள், நன்றாக இருந்தது என்றாள். வீட்டில் கஷ்டம், உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லியிருந்தால் எச்சரித்து விட்டிருப்பார்கள் என்று பின்னால் பலபேர் சொன்னார்கள். அவளுக்கு அப்போது தோன்றியது அவ்வளவுதான். ஒரு மாதச் சிறை, அதை நிறுத்திவைத்து ஓர் அபராதம். அபராதத்தை அப்பா அன்றைக்கே கட்டி ரசீது வாங்கி வந்தார். எல்லாரும் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்கள்.

போலீஸ்காரருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். ஒழுங்காகக் கத்தரித்த மீசை, மடிப்புக் கலையாத கால்சட்டை, தோள்பட்டையில் பித்தளையில் 417 என்று ஓர் எண். அவர் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, உட்காரவில்லை, பேசவில்லை. மழையில் நனைந்தார், வெயிலில் காய்ந்தார். குளிர் நாட்களில் அவர் மூச்சு புகையாகத் தெரியும், அதை வைத்துத்தான் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அக்கம்பக்கத்தார் முடிவு செய்தார்கள். ஒரு வருஷத்தில் தெருவுக்கு அவர் பழகிப்போனார். ஆனால் தெருவைத் தாண்டினால் பழகாதவர்கள்தானே இருக்கிறார்கள்! அவள் வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் உட்காரச் சொல்வார்கள், பின்னால் நிற்கிறவரை ஒரு பார்வை பார்ப்பார்கள், பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். ரொட்டிக்கடை, பள்ளிக்கூட ஆய்வகம், மருத்துவமனைச் சலவைப் பிரிவு என்று மூன்று வருஷம் அலைந்தாள். ஓரிடத்திலிருந்தும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியில் ஹோட்டல்களுக்குத் திரைச்சீலை தைக்கிற வேலை கிடைத்தது. துணியைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டு, தைத்ததை எடுத்துக்கொண்டு போகிற வண்டிக்காரருக்கு யார் பின்னால் யார் நின்றால் என்ன? அதிலிருந்து அவள் பெயர் திரைக்காரி என்று ஆயிற்று.

டைல்ஸ் ஒட்டுகிறவர் அவள் வாழ்க்கையில் வந்தது ஆறாவது வருஷம். அவர்கள் வீட்டுக் குளியலறைத் தரையைப் பெயர்த்துப் புதிதாக ஒட்ட வந்தவர். நடையில் நின்றிருந்த போலீஸ்காரரிடம், அண்ணே, காலைக் கொஞ்சம் தூக்குங்க, சிமெண்ட் இறங்கணும் என்றார். போலீஸ்காரர் ஒரு காலைத் தூக்கினார். அந்தப் பக்கம் ஒட்டி முடித்ததும் மறு காலைத் தூக்கினார். உள்ளே தைத்துக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு வருஷத்தில் அந்த மனிதரிடம் ஒருத்தரும் அப்படிச் சாதாரணமாகப் பேசியதில்லை. நாலு நாள் வேலையில் டைல்ஸ்காரர் போலீஸ்காரரிடமே பேசிக்கொண்டிருந்தார், பதிலெல்லாம் உள்ளேயிருந்து வந்தது. ஐந்தாம் நாள் அவர் அவள் அப்பாவைப் பார்க்க வந்தார். கல்யாணப் பதிவு அலுவலகத்தில் அதிகாரி, சாட்சி என்று நினைத்துக்கொண்டு போலீஸ்காரரிடம் பேனாவை நீட்டினார். அவர் விறைத்து நின்றாரே தவிரக் கையை நீட்டவில்லை. பக்கத்து வரிசையில் நின்ற ஒருவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டியதாயிற்று.

புருஷன் போலீஸ்காரரை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தார். பொண்ணு கூடவே வந்து வீட்டில் நிற்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார். மச்சானும் மரியாதைப்பட்டவர்தான். அவர்கள் உள்ளறைக்குப் போனால் அவர் வெளியே நின்று மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் குளிக்கப் போனால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். எட்டாவது வருஷம் ஒரு தடவையும் பதினோராவது வருஷம் ஒரு தடவையும் அவளுக்குக் கரு தங்காமல் போயிற்று. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டாம் தடவை, டாக்டர்கள் இனிமேல் வேண்டாம் என்று சொன்ன அன்று சாயங்காலம்தான் மறுபடி போட்டுக்கொண்டார். புருஷன் அதைப் பார்த்தார்; அதற்குப்பிறகு ஒரு மாதம் மச்சானை வைத்து ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

அப்புறம் வருஷங்கள் திரைச்சீலை திரைச்சீலையாகப் போயின. அப்பா போனார், அம்மா போனாள், வீடு மாறினார்கள், தையல் மெஷினுக்கு மோட்டார் வந்தது. அவளுக்குக் காதோரம் நரைத்தது. மச்சானுக்கு ஒரு முடி நரைக்கவில்லை. வழியில் பார்க்கிறவர்கள் அம்மாவுக்குத் துணையாகப் பிள்ளை வருகிறான் என்று நினைக்கும் காலமும் வந்தது. இப்படியே போயிருக்கும். ஆனால் இருபத்திரண்டாம் வருஷக் கடைசியில் அவளுடைய ஒரே தங்கை மூன்று நாள் காய்ச்சலில் செத்துப்போனாள். தங்கை பஸ் கண்டக்டர். நாலரை வயதில் ஒரு பெண் குழந்தை; அதன் தகப்பன் அது பிறக்கும் முன்பே வெளிநாட்டுக்குப் போனவன், போன இடத்திலிருந்து ஒரு வரி எழுதாதவன். குழந்தையைக் காப்பகத்தில் வைத்தார்கள். பெரியம்மா இருக்கிறாளே, அவளிடம் கொடுங்கள் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். குழந்தைகள் நல அலுவலகத்து அதிகாரி படிவத்தைத் திரைக்காரி முன்னால் வைத்தார். பத்தொன்பதாவது கேள்வி: எந்த வழக்கிலாவது தண்டனை பெற்றதுண்டா? கம்ப்யூட்டர் உண்டு என்றது. அதிகாரி கெட்டவர் இல்லை. எத்தனை வருஷம் ஆனாலும் பதிவு பதிவுதானம்மா என்றார், தானே ஏதோ தப்புச் செய்தவர் போல. ஆறு மாதத்துக்குள் சொந்தக்காரர் யாரும் தகுதி பெறாவிட்டால் குழந்தை வேறு குடும்பத்துக்குப் போகும், அது எந்தக் குடும்பம் என்று அப்புறம் சொல்லமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து நான்கு வரை பார்க்க விடுவார்கள். காப்பகத்துக் கூடத்தில் நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள். குழந்தை வந்து பெரியம்மா மடியில் உட்காராது, பக்கத்து நாற்காலியில் பெரிய மனுஷி மாதிரி உட்காரும். மூன்றாவது ஞாயிறு, அது பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இந்த மாமா ஏன் உக்கார மாட்டேங்கிறாரு?" என்று கேட்டது.

"அவரு வேலையில இருக்காரு கண்ணு."

"வேலை எப்ப முடியும்?"

இருபத்திரண்டு வருஷத்தில் திரைக்காரி அந்தக் கேள்வியை ஒருத்தரிடமும் கேட்டதில்லை. மறுநாளே இலவச வக்கீலைத் தேடிப் போனாள்.

வசதியில்லாதவர்களுக்கு வழக்கு நடத்திக் கொடுக்கிற அலுவலகம் ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. அங்கே நாலு வக்கீல்கள் என்று பலகையில் எழுதியிருந்தாலும் இருந்தது ஒரே ஒரு அம்மாள். ஐம்பது வயதுக்கு மேல், பெயிண்ட் வாசனையில் பாதிநாள் இருமல், இருமலுக்கு மேஜை நிறைய புளிப்பு மிட்டாய். எல்லாரும் அவளை இலவசம் என்றே சொன்னார்கள்; அவளும் போனை எடுத்தால் இலவசம் பேசறேன் என்பாள். வருகிறவர்கள் பட்டியலில் போலீஸ்காரரையும் சேர்த்து இருவர் என்று எழுதிக்கொண்டாள். ஆச்சரியப்படவில்லை. தண்டனை ஆனவர்களுக்கு ஆளுக்கொரு மாதிரி வரும் என்றாள். பிக்பாக்கெட் வழக்கில் தண்டனையான ஒருவருக்கு எந்தச் சட்டையிலும் பை தங்குவதில்லை, தைக்கத் தைக்க உதிர்ந்துவிடும். பொய்க் கையெழுத்துப் போட்ட ஒரு குமாஸ்தாவின் வீட்டுக் கதவு எண் வாரம் ஒருமுறை மாறிவிடும், பதினாறு வருஷம் அவருக்குக் கடிதமே வரவில்லை. போலீஸ்காரர் வந்தவர்களை இதற்கு முன் இரண்டு பேரைப் பார்த்திருக்கிறாள். அதில் ஒருவர் தாமே ஏட்டாக இருந்தவர்.

"செஞ்சத நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா," என்றாள். "எழுதி வெச்சிருக்காங்கல்ல, அத எடுக்கலாம். அதுக்குத்தான் சட்டத்துல வழி இருக்கு. இத்தன வருஷம் ஏன் வரல?"

இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது என்றாள் திரைக்காரி. எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள் என்று இலவசம் அலுத்துக்கொண்டாள்.

பதிவு நீக்க மனுவுக்கு மூன்று வேண்டும். அபராதம் கட்டிய ரசீது, அதற்குப்பிறகு எந்தக் குற்றமும் செய்யவில்லை என்பதற்கு ஆதாரம், தீர்ப்புச் சொன்ன கோர்ட்டின் பழைய கோப்பு. ரசீதை அப்பா ஆயுள் காப்பீட்டுக் காகிதங்களோடு வைத்திருந்தார், கிடைத்தது. கோப்பு கிடைக்கவில்லை. அந்த வருஷத்துப் பட்டியல் புத்தகத்தைக் கரையான் அரித்திருந்தது. எண் தெரியாமல் எடுக்க முடியாது என்று பதிவறைக்காரர் கையை விரித்தார். கம்ப்யூட்டரில் தண்டனை இருக்கிறது, எண் இல்லை. கோப்பு இல்லையென்றால் தண்டனையும் இல்லை என்று ஆகாதா என்று புருஷன் கேட்டார். கோப்பு இல்லையென்றால் அழிக்க ஒன்றும் இல்லை, அழிக்க ஒன்றும் இல்லையென்றால் அது அப்படியே இருக்கும் என்று பதிவறைக்காரர் விளக்கினார். மூன்று வாரம் இப்படி ஓடியது. நாலாவது வாரம் பதிவறை ஜன்னலில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்த இலவசம், மிட்டாய்த் தாளைப் பிரித்தபடி தற்செயலாகத் திரும்பி, போலீஸ்காரரின் தோளைப் பார்த்தாள். நானூற்றுப் பதினேழை எடுங்கள் என்றாள். அது இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. அக்கம்பக்கத்துக் கோப்பெல்லாம் பழுத்துப் பொடியாகிக் கிடக்க, அது மட்டும் நேற்றுக் கட்டியது போல வெள்ளையாக, நூல் முடிச்சுகூட மங்காமல் இருந்தது.

மிச்சம் இருந்தது நன்னடத்தைக்கு ஆதாரம். யாரைச் சாட்சியாகக் கூப்பிடலாம் என்று பட்டியல் போடும்போது இலவசம் பேனாவால் போலீஸ்காரரைக் காட்டி, இவரைவிட நல்ல சாட்சி உலகத்தில் உண்டா, பேசத்தான் மாட்டார், கோர்ட் சம்மன் அனுப்பினால் பேசுவாரோ என்னவோ என்றாள். திரைக்காரி வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு ஜன்னலைப் பார்த்தாள். கீழே யாரோ பெயிண்ட் டப்பாவைக் கலக்கும் மெஷினை ஓட்டினார்கள். அது நிற்கும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள். பதினோராவது வருஷம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இருபது நாள் ஆகியிருக்கும். நூல் வாங்கப் போன கடையில் குழந்தைகளுக்கான சாக்ஸ் குவித்து வைத்திருந்தது. ஒரு ஜோடியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கையில் காசு இருந்தது. அதைக் கொடுத்து வாங்க வேண்டும் என்றே தோன்றவில்லை. தெருவில் கொஞ்சதூரம் நடந்தபிறகு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. பின்னால் பூட்ஸ் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால் போலீஸ்காரர் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறார். பதினோரு வருஷத்தில் அவர் மூன்றடியைத் தாண்டவிட்டது அன்றைக்குத்தான். அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர வரவில்லை. அவள் திரும்பி வந்து, சாக்ஸை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, நூலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இதைப் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

இலவசம் ஒரு மிட்டாயை அவள் பக்கம் தள்ளினாள். "எவ்ளோ தூரம் போயிருப்பே?" என்று மட்டும் கேட்டாள்.

"எண்ணல மேடம்."

"அவரு எண்ணியிருப்பாரு," என்று சொல்லி, பட்டியலில் போலீஸ்காரரை அடித்துவிட்டாள்.

விசாரணை ஐந்தாம் மாதக் கடைசியில் வந்தது. நீதிபதிக்கு ஜலதோஷம், கைக்குட்டையைக் கோப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். இலவசம் ரசீதைக் கொடுத்தாள், கோப்பைக் கொடுத்தாள், இத்தனை வருஷத்தில் வேறு வழக்கு எதுவும் இல்லை என்று ஸ்டேஷன் கொடுத்த சான்றிதழைக் கொடுத்தாள். அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, வழக்குப் பதிவாகவில்லை என்பதுதான் இதில் இருக்கிறது, குற்றம் நடக்கவில்லை என்று இல்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை, எழுத்துப் பிழையைக் காட்டுகிறவர் போலச் சொன்னார். அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார், ஆனால் அவருக்குத் தெரிந்தது எட்டு வருஷம். ஹோட்டலிலிருந்து வந்த கடிதத்தில் திரைச்சீலைகள் நேராகத் தொங்குகின்றன என்று எழுதியிருந்தது. நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு, இருபத்து மூன்று வருஷத்துக்கும் சேர்த்துச் சொல்லக்கூடியவர் யாராவது உண்டா, இல்லையென்றால் மனுவை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்.

அடுத்த வருஷம் என்றால் குழந்தை இருக்காது. இலவசம் காகிதங்களைப் புரட்டினாள், அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தே புரட்டினாள். திரைக்காரி தன் இடத்தில் எழுந்து நின்றாள். இலவசம் அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள், அவள் உட்காரவில்லை.

"ஐயா, இவரக் கேளுங்க," என்றாள். "இவரு கூடவேதான் இருந்தாரு."

எழுத்தர் போலீஸ்காரரைக் கூப்பிட்டார். அவர் மூன்றடியைத் தாண்டி நடந்து போய்ச் சாட்சிக் கூண்டில் ஏறினார். பெயர் கேட்டபோது தோளைத் தொட்டுக் காட்டினார். பொய் சொல்லமாட்டேன் என்று உறுதிமொழி எடுக்க வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது. தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தார். அதற்குப்பின் குரல் வந்தது, துருப்பிடித்த தாழ்ப்பாள் திறக்கிற மாதிரி. முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார். காலையில் இத்தனை மணிக்கு எழுந்தார்கள், இன்ன இடத்துக்கு வேலை கேட்டுப் போனார்கள், கொடுக்கவில்லை, திரும்பி வந்தார்கள். மறுநாள் இன்ன இடம், கொடுக்கவில்லை, திரும்பி வந்தார்கள். கையில் குறிப்பு எதுவும் இல்லாமல், தேதி பிசகாமல் சொல்லிக்கொண்டே போனார். தட்டச்சு செய்த பெண் கையை உதறி உதறி அடித்தாள். கோர்ட்டில் வேறு வழக்குக்காக வந்து உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து போகவில்லை. நாலாவது வருஷம் நடந்துகொண்டிருக்கும்போது நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்த இருபத்து மூணு வருஷத்துல, இவங்க குற்றம்னு சொல்றமாதிரி ஏதாவது செஞ்சாங்களா?"

"ஒரு தடவ, ஐயா." தேதியைச் சொன்னார், கடையைச் சொன்னார். "பச்சக் குழந்தைக்குப் போடுற சாக்ஸ். மஞ்சள் கம்பளி. பைக்குள்ள போட்டாங்க. வெளியில வந்து நாப்பத்தோரு அடி போனாங்க. நின்னாங்க. திரும்பி வந்து எடுத்த இடத்துலயே வெச்சாங்க."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல."

"நீங்க கூடவே போற ஆளு. பிடிச்சிருக்கணும். ஏன் பிடிக்கல?"

போலீஸ்காரர் யோசித்தார். அவர் யோசித்து யாரும் பார்த்ததில்லை.

"கால் வரலைங்க, ஐயா."

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார், ஏதோ சொல்ல வந்தார், கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். கடைசி பெஞ்சில் புருஷன் தன் நகக்கண்ணில் காய்ந்திருந்த வெள்ளைச் சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். திரைக்காரி அவர் பக்கம் திரும்பவில்லை, திரும்ப முடியவில்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு, எடுத்ததற்குச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது, திரும்பி வந்து வைத்ததற்குப் பிரிவு இல்லை, எனவே அதை எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, எழுதாமல் விடுகிறேன் என்றார். பிறகு உத்தரவைச் சொன்னார். மனு ஏற்கப்படுகிறது, பதிவு நீக்கப்படுகிறது, மேற்படித் தண்டனை ஒருபோதும் விதிக்கப்படாததாகவே இனிக் கருதப்படும். எழுத்தர் முத்திரையை மையில் தொட்டுக் கோப்பின்மேல் குத்தினார். அப்போது மணி பதினொன்றே முக்கால்.

முத்திரை விழுந்ததும் போலீஸ்காரரின் தோளில் இருந்த எண் மூச்சுப்பட்ட கண்ணாடி போல மங்கி, வெறும் பித்தளையாயிற்று. அவர் கூண்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தூக்கத்தில் வேறு ஸ்டாப்பில் இறங்கிவிட்டவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். வாசல் எந்தப் பக்கம் என்று சேவகரிடம் கேட்டார். பெஞ்சுகளுக்கு நடுவே வந்தபோது வழியில் திரைக்காரி நின்றுகொண்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. நன்றி என்றா, போய் வாருங்கள் என்றா, தெரியவில்லை.

"கொஞ்சம் வழி விடுங்கம்மா," என்றார் அவர். அவள் விட்டாள். அவர் போய்விட்டார்.

மூவரும் கோர்ட் படியில் நின்றார்கள். இலவசம் ஆளுக்கொரு புளிப்பு மிட்டாய் கொடுத்துவிட்டு, அடுத்த வழக்குக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே ஓடினாள். பஸ்ஸில் வரும்போது புருஷன் ஜன்னல் பக்கம், அவள் இந்தப் பக்கம். நாலைந்து ஸ்டாப் போயின.

"மஞ்சளா?" என்று கேட்டார்.

"ஆமா."

அவர் அவள் கையை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். இறங்கும் வரை அது அங்கேயே இருந்தது.

நலத்துறை அதிகாரி மறுவாரம் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தபோது பத்தொன்பதாவது கேள்விக்கு எதிரே ஒன்றும் இல்லை. இதற்கு முன்பு எதற்காக நிராகரித்தேன் என்று தெரியவில்லையே என்று அவரே வருத்தப்பட்டு, கையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். குழந்தை ஒரு வியாழக்கிழமை வந்தது, ஒரு துணிப்பையும் ஒரு பல் துலக்கியுமாக. அன்று மாலையே டைல்ஸ்காரரின் ரசமட்டத்தை எடுத்து வீட்டில் எதெல்லாம் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னது.

உத்தரவு ஊருக்கும் பொருந்தும் என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. கீழ்வீட்டம்மாவிடம் திரைக்காரி பேச்சுவாக்கில் போலீஸ்காரரைப் பற்றிச் சொன்னாள். எந்தப் போலீஸ்காரர் என்று அந்தம்மா கேட்டாள். எட்டு வருஷம் அவர் தோளில் குடையை மாட்டிவைத்தவள் அவள்தான். கூண்டில் சாட்சி சொன்ன வீட்டுச் சொந்தக்காரரே எப்போது கோர்ட்டுக்குப் போனேன் என்றார். குழந்தைக்கும் நினைவில்லை. புருஷன் மட்டும் மறக்கவில்லை; அவர் எந்த உத்தரவையும் முழுதாகப் படிக்கிற வழக்கம் இல்லாதவர். போலீஸ்காரர் அன்றைக்குக் கோர்ட்டிலிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். நீண்ட விடுப்பில் இருந்து திரும்பியவர் என்று எழுத்தர் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார். போனவருக்கு முதலில் பசித்தது, ஒரே வேளையில் நாலு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார். பிறகு உட்கார்ந்தார். பிறகு இரண்டு நாள் தூங்கினார். ஒரு வாரத்துக்குள் மீசை நரைத்தது, இடுப்பு பருத்தது, கண்ணாடி தேவைப்பட்டது. நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது வயதுக்கு உரிய எல்லாம் வந்து சேர்ந்ததும் நின்றது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கிற நாற்சந்தியில் போக்குவரத்துப் பார்க்கச் சொன்னார்கள். டைல்ஸ்காரர் ஒருநாள் அந்த வழியே வண்டியில் போகும்போது பழக்கதோஷத்தில் என்ன மச்சான் என்று கூப்பிட்டுவிட, யாருக்கு யார் மச்சான் என்று ஓரம்கட்டி லைசென்ஸைக் கேட்டார்.

திரைக்காரிக்குத்தான் பழகக் கொஞ்சம் நாளாயிற்று. கதவைத் திறந்தால் தான் நுழைந்த பிறகும் மூன்றடிக்கு நேரம் விட்டுத்தான் மூடினாள். தெருவில் தன் செருப்புச் சத்தத்தை மட்டும் கேட்க ஒரு மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தொப்பியைக் கழற்றியவர் அந்த ஒருத்தர்தான். அது இப்போது அவருக்கே தெரியாது. தண்டனையை மட்டும் அழித்துவிட்டு அந்தத் தொப்பியை விட்டுவைக்கச் சொல்ல முடியாது என்று இலவசத்திடம் கேட்காமலே அவளுக்குப் புரிந்தது. துணியை மெஷினில் ஓட்டிக்கொண்டே இதை நினைத்துக்கொள்வாள். பிறகு குழந்தை ஏதாவது கேட்கும், எழுந்து போவாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. எட்டு நாற்பதுக்குக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்சந்தி ஓரத்தில் வந்து நின்றாள். போலீஸ்காரர் நடுவில் இருந்து பார்த்துவிட்டு, விசிலை வாயிலிருந்து எடுத்துக்கொண்டு அவர்களிடம் வந்தார்.

"பாப்பா ஒண்ணாவதா?" என்றார். "உங்கள நான் பார்த்ததில்லையே. இந்தப் பக்கம் புதுசா வந்திருக்கீங்களா?"

"ஆமாங்க," என்றாள் திரைக்காரி. "புதுசுதான்."

கையைக் கெட்டியா பிடிச்சுக்கங்க என்று சொல்லி அவர் முன்னால் நடந்தார். கையைத் தூக்கினார். ஒரு சிமெண்ட் லாரியும் இரண்டு பஸ்ஸும் நின்றன. அவர்கள் கடந்து போனார்கள்.